‘உண்மை’ என்று ஒரு பக்கம்

பெங்களூரில் ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பக்கம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் குறைவில்லை. இங்கே ‘த டா வின்சி கோட்’ நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சி கிளம்பும். ‘அதைக் கையால் தொடக்கூடாது’ என்பது ஒன்று. ‘அதில் இருப்பதெல்லாம் நிஜம், சர்ச்தான் மூடி மறைத்துவிட்டது’ என்பது இன்னொன்று. ஆசை ஆசையாகப் படித்து ஏமாந்தவர்களின் மூன்றாவது கட்சியும் உண்டு. அதற்குத்தான் ஆள் குறைவு. நான் அந்தக் கட்சி.

டான் பிரவுனின் அந்த நாவல் 2003-இல் வந்தது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு கொலை. செத்தவர் விட்டுப்போன குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு ஒரு பேராசிரியரும் ஒரு பெண்ணும் ஓட்டம். மொத்தம் 105 அத்தியாயங்கள். பல அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கம்தான், முடிகிற இடத்தில் ஒரு கொக்கி. ராஜேஷ்குமாரின் துப்பறியும் நாவலைப் பேருந்து நிலையத்தில் வாங்கி, ஊர் வந்து சேர்வதற்குள் முடித்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. விறுவிறுப்பில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

வில்லங்கம் கதைக்கு முந்தைய பக்கத்தில் இருக்கிறது. ‘உண்மை’ என்று தலைப்புப் போட்டு, சீயோன் மடம் என்ற ரகசிய சங்கம் 1099-இல் தொடங்கிய நிஜமான அமைப்பு என்கிறார் ஆசிரியர். கதையில் வரும் ஓவியம், கட்டடம், ஆவணம், சடங்கு பற்றிய விவரமெல்லாம் சரியானவை என்றும் உறுதி சொல்கிறார். ஆனால் அந்தச் சங்கத்தைப் பியர் பிளாண்டார் என்ற பிரெஞ்சுக்காரர் 1956-இல் பதிவு செய்தார். பழைய அரச வம்சத்துக்குத் தானே வாரிசு என்று காட்ட, கூட்டாளியோடு சேர்ந்து போலி ஆவணங்கள் தயாரித்து, பிரான்ஸின் தேசிய நூலகத்திலேயே கொண்டுபோய் வைத்தார். யோசித்துப் பார்த்தால், நாவலைவிட இந்த மோசடிதான் நல்ல கதை!

இயேசுவுக்கும் மகதலேனா மரியாவுக்கும் திருமணம் நடந்தது என்பதற்கு நாவல் காட்டும் சாட்சி, பிலிப்பு நற்செய்தி. 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் ஜாடிக்குள் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில் அதுவும் ஒன்று. இயேசு மரியாவை முத்தமிட்டார் என்று வருகிற வரியில், எங்கே என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஏடு சிதைந்து ஓட்டை விழுந்திருக்கிறது. அறிஞர்கள் ஊகத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்கிறார்கள். நாவலில் அந்த ஓட்டையும் இல்லை, அடைப்புக்குறியும் இல்லை. ஏடு இருப்பது காப்டிக் மொழியில். நாவலோ அரமேய மொழி தெரிந்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது.

அதே ஏட்டுக் கட்டில், பிலிப்புக்கு நேர் முன்னால் இருப்பது தோமா நற்செய்தி. சாந்தோமையும் பரங்கிமலையையும் தோமாவின் பேரோடு சேர்த்தே நினைத்துப் பழகிய நமக்கு அதைக் கேட்டதுமே சிலிர்க்கும். கொலை, துரத்தல் எதுவும் இல்லாத, இயேசுவின் மொழிகள் என்று 114 மட்டும் தொகுத்த நூல் அது. மர்மம் என்றால் அதுவல்லவா மர்மம்!

நாவலின்படி, கி.பி. 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் வாக்கெடுத்துத்தான் இயேசுவைக் கடவுளாக்கினார்களாம். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுகிறார்கள் என்று பிளினி என்ற ரோமானிய ஆளுநர் தன் பேரரசருக்குக் கடிதம் எழுதிவிட்டார். அவர் கிறிஸ்தவரல்ல, அவர்களைத் தண்டித்தவர்.

நம் நாட்டில் இந்தக் கேள்விகளெல்லாம் எழுவதற்குள் தடை வந்துவிட்டது. 2006-இல் நாவல் படமாக வெளியானபோது, இது கற்பனை என்ற அறிவிப்போடு, ‘ஏ’ சான்றிதழ் தந்து தணிக்கைக் குழு அனுமதித்தது. அப்படியும் சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டித் தமிழக அரசு தடை போட்டது. அந்தத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் ரத்து செய்தார். கற்பனை என்று ஒப்புக்கொண்ட படத்துக்குத் தடை. ‘உண்மை’ என்று அச்சடித்த புத்தகம் கடையில் தாராளமாகக் கிடைத்தது. ‘இதில் ஏதோ இருக்கப் போய்த்தானே தடுக்கிறார்கள்’ என்று இரண்டாவது கட்சிக்கு ஆள் சேர்த்ததுதான் மிச்சம்.

பக்தியும் துப்பறிதலும் சேரவே சேராது என்பதில்லை. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, சன் டிவியில் வந்த ‘விடாது கருப்பு’ தொடரை நினைத்துப் பாருங்கள். கொலைகளுக்கு அறிவுக்குப் பொருந்தும் விடை சொன்னது. கருப்பசாமியைக் கும்பிடுகிறவரையும் கேலி செய்யவில்லை. நம்புவதும் மறுப்பதும் பார்ப்பவர் பாடு என்று விட்டது. ‘இதெல்லாம் நிஜம்’ என்று யாரும் முன்பக்கத்தில் சத்தியம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

டான் பிரவுன் அந்த ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டிருந்தால் எனக்குப் புகாரே இருந்திருக்காது. கதை என்று வாங்கி, கதை என்றே படித்து முடித்திருப்பேன். அவர் உண்மை என்றார்; சரிபார்க்கப் போனேன். புத்தகம் அதற்குத் தாங்கவில்லை.