வலி நின்ற பிறகும் மாறும் பெருநாடி

2024 செப்டெம்பர் 30ஆம் திகதி நடிகர் ரஜினிகாந்த் சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியில் வீக்கம். மார்பைத் திறக்காமல், இரத்தக் குழாய் வழியே ஸ்டென்ட் வைத்து வீக்கத்தை அடைத்தார்கள். பெருநாடி கிழிந்து பல மாதங்கள் கடந்தவர்களுக்கும் இன்று கைகொடுப்பது இதே வகை வைத்தியம்தான்.

பெருநாடியின் சுவரில் மூன்று படைகள் உண்டு. உள்படை கிழிந்தால் இரத்தம் சுவருக்குள் புகுந்து நடுப்படையைப் பிளந்துகொண்டு ஓடும். சி.ரி. ஸ்கானில் ஒரே நாடிக்குள் இரண்டு வழிகள் தெரியும். நெருக்குண்டு ஒடுங்கியிருப்பது பெரும்பாலும் பழைய வழியான மெய்வழி, பருத்திருப்பது கிழிவால் உண்டான பொய்வழி.

இதயத்தை ஒட்டிய பகுதி கிழிந்தால் உடனே அறுவை செய்ய வேண்டும். முதுகுப்பக்கமாக இறங்கும் பகுதி கிழிந்து, வேறு சிக்கலும் இல்லையென்றால், பிரஷரைக் குறைக்கும் மருந்தே முதல் வைத்தியம். 90 நாள் தாண்டினால் அது நாட்பட்ட கிழிவு.

அப்போது வலி இராது. ஆனால் பொய்வழியின் மெல்லிய வெளிச்சுவர் ஆண்டுக்கணக்கில் விரிந்துகொண்டே போகலாம். குறுக்களவு 5.5 முதல் 6 சென்ரிமீற்றரை எட்டினால் வெடிக்கும் ஆபத்து கூடும். அந்த நிலையில் துணி போர்த்திய உலோக வலைக் குழாயைத் தொடை நாடி வழியே கொண்டுபோய், குடைபோல் விரித்து, கிழிசலின் வாயை மூடுகிறார்கள். பொய்வழியில் இரத்தம் உறைந்து சுருங்க, மெய்வழி அகன்று பழைய வடிவத்தை நாடும்.

நாள் செல்லச் செல்ல இரு வழிகளுக்கும் இடையிலுள்ள சவ்வு தடித்து இறுகிவிடும். பிறகு எளிதில் வளையாது. வயிற்றுப் பகுதியில் வேறு கிழிசல்கள் இருந்தால் பொய்வழிக்கு இரத்தம் வந்துகொண்டே இருக்கும். சிலருக்குத் திறந்த அறுவைதான் வழி.

ஐரோப்பாவில் 140 நோயாளிகளிடம் நடந்த ‘இன்ஸ்டெட்’ ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் ஸ்டென்டும் வைத்தவர்களுக்கும் உயிர்பிழைப்பில் வேறுபாடு தெரியவில்லை. ஐந்தாம் ஆண்டில் பெருநாடியால் நேர்ந்த இறப்பு முறையே 19.3, 6.9 வீதம். சீரமைப்பின் பலன் தெரிய அவ்வளவு காலம் எடுத்தது.

வலியில்லாமலே விரியும் நாடியைக் கவனிக்க ஸ்கானுக்குத் தொடர்ந்து போகவேண்டும். சாட்டியிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் பண்ணைப் பாலம் தாண்டினால் போதும். நெடுந்தீவார் முதலில் படகேறிக் குறிகட்டுவானுக்கு வரவேண்டும். உடம்பில் ஒரு குறையும் தெரியாதபோது ஸ்கானுக்காக ஒருநாள் உழைப்பை விடுவது யாருக்கும் பாரம்தான். ஆனாலும் ஸ்கான் திகதியைத் தவறவிடாதீர்கள். வைத்தியர் சொல்லாமல் பிரஷர் குளிசையை நிறுத்தாதீர்கள். மார்பிலோ முதுகிலோ திடீரெனக் கடும் வலி எழுந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.