மரத்தின் மேல் ஒரு பச்சைக் கூடை



சாலையோரத்துப் பழைய தூங்குமூஞ்சி மரத்தை அண்ணாந்து பார்த்தால், கிளைக் கவட்டில் பச்சைக் கூடை போல ஒரு செடி உட்கார்ந்திருக்கும். நாம் அதைப் பறவைக்கூட்டுப் பெரணி என்போம். மலாய்க்காரர்கள் சொல்வது 'பாக்கு லங்சுயிர்'. லங்சுயிர் என்பது பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவியாம். அது இந்தச் செடியில்தான் தங்கும் என்பது அவர்களுடைய பழங்கதை.

பெரணிகளில் இது பெரியது. இலை பிளவுபடாமல் ஒன்றரை மீட்டர் வரை நீளும். பூவும் இல்லை, காயும் இல்லை. இலையின் அடியில் சாய்வாகப் பழுப்புக் கோடுகள் தெரியும். அது நோயல்ல. அந்தக் கோட்டிலுள்ள தூள்தான் காற்றில் பறந்து, ஈரமான பட்டை வெடிப்பில் விழுந்து முளைக்கிறது.

"மரத்தின் சத்தை இது உறிஞ்சுமா, சார்?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பெரியவர்களுக்கும் அந்தச் சந்தேகம் இருப்பதால்தான் பாராங் கத்தியை எடுக்கிறார்கள். ரப்பர் மரத்தில் வரும் புல்லுருவி வேறு. அது கிளைக்குள் வேரை இறக்கி உறிஞ்சும். அதை வெட்டத்தான் வேண்டும். பெரணியின் வேரோ பட்டையின் மேலேதான் பற்றியிருக்கும். மேலிருந்து உதிரும் சருகு கூடைக்குள் மக்கி அதற்கு உரமாகும். பஞ்சு போன்ற வேர் மழைநீரைப் பிடித்து வைக்கும். மரம் இடம் மட்டுமே கொடுக்கிறது.

இதன் சொந்த வீடு மழைக்காடு. சபாவின் டானும் பள்ளத்தாக்கில், உயர்ந்த மரங்களின் உச்சியிலுள்ள பெரணிகளை ஆராய்ந்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய செடி ஒன்று ஈரத்தோடு 200 கிலோ வரை இருக்குமாம்! அதற்குள் வாழும் பூச்சி புழுக்களின் எடையோ, அந்த மரத்து உச்சியில் மற்ற இடங்களிலெல்லாம் உள்ளவற்றின் எடைக்கு ஏறக்குறையச் சமம். எறும்பு, கறையான், கரப்பான், பூரான் எல்லாம் அங்கே குடித்தனம்.

இவ்வளவு எடை உளுத்த கிளையில் இருந்தால் ஆபத்துதான். பெருமழைக்குப் பிறகு அதன் அடியில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். விழுந்த செடியை வெறுங்கையால் கிளறவும் வேண்டாம், பூரான் இருக்கும். கோலால் தட்டிவிட்டு, லயத்துப் பக்கம் நிழலான மரத்தில் கயிற்றால் கட்டித் தண்ணீர் தெளித்து வந்தால், வேர் பிடித்துக்கொள்ளும்.