மடி கல்லானால் குட்டிக்குப் பால் ஏது?



குட்டி போட்ட இரண்டு மூணு நாளுக்குள்ளே சில தாய்ப்பன்றிகளுக்கு மடி கல்லு மாதிரி இறுகிப் போகும். தொட்டால் சுடும். தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. குட்டிகள் காம்பைத் தேடி வந்தால் குப்புறப் படுத்து மடியை மறைத்துக்கொள்ளும். "இதுக்குக் குட்டிங்க மேலே பாசமே இல்லீங்க" என்று சிலர் சொல்வார்கள். பாசமெல்லாம் இருக்கு, வலி பொறுக்கலே, அவ்வளவுதான்.

இதிலே நாள் கடத்தக் கூடாது. பன்றிக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தியைத் தாயின் வயிற்றிலிருந்து கொண்டு வருவதில்லை. சீம்பாலில்தான் அது கிடைக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குடித்தால்தான் குடல் அதை உறிஞ்சும். பால் நின்றால் பட்டினியும் கழிச்சலுமாக ஈத்தே அழிந்துபோகலாம்.

வீங்கிய இடத்தில் உடம்பே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உண்டாக்குகிறது. சூடும் வலியும் அதனால் கூடுகின்றன. மெலாக்சிகாம் ஊசி அதைக் குறைக்கும். வலி அடங்கினால் பன்றி எழுந்து தண்ணி குடிக்கும், ஒருக்களித்துப் படுத்துக் காம்பைக் கொடுக்கும். ஆனால் இது கிருமியைக் கொல்லாது. அதற்கான ஆன்டிபயாடிக் எது என்று கால்நடை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மெலாக்சிகாம் அளவு, கிலோ எடைக்கு 0.4 மில்லிகிராம். 150 கிலோ பன்றிக்கு 60 மில்லிகிராம். ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் உள்ள புட்டியும் உண்டு, 20 உள்ளதும் உண்டு. முதலாவதில் 12 மில்லி, மற்றதில் 3 மில்லி. புட்டி மாறிப்போனால் மருந்து நாலு மடங்காகிவிடும். ஆகவே ஊசி போடுகிறவரிடம் சீட்டைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னால் கழுத்துச் சதையில் போடுவதே முறை. இதோடு டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசியைச் சேர்த்தால் வயிற்றில் புண் வரும். "ரெண்டும் போட்டா சீக்கிரம் கேக்கும்" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

பழைய வலி ஊசிகள் ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். டைக்ளோபினாக்கைக் கால்நடைக்குப் போட 2006-லும், கீட்டோபுரோபெனை 2023-லும் அரசு தடை செய்தது. அந்த மருந்து ஏறிய பிணத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. மெலாக்சிகாமால் அந்தக் கெடுதல் இல்லை.

ஊசி போட்ட பன்றியைக் கறிக்கு விற்பதானால், சீட்டில் சொன்ன நாள் கழிய வேண்டும்.

மருந்து பிடிக்கும்வரை குட்டிகள் தாங்காது. அதே நாளில் குட்டி போட்ட வேறு பன்றி பக்கத்தில் இருந்தால், அதனிடம் சீம்பால் குடிக்க விடுங்கள்.