நினைவு தெளிவாய் இருக்கும்போதே

"பிள்ளைகள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள்" என்பது நம்மவர் வீடுகளில் வழக்கமான பேச்சு. பிள்ளைகள் பார்ப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கான அதிகாரத்தை இங்கிலாந்துச் சட்டம் அவர்களுக்குத் தானாக வழங்குவதில்லை.

தகப்பனார் பாரிசவாதத்தினாலோ மறதி நோயினாலோ முடிவெடுக்கும் ஆற்றலை இழந்தால், அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கிலிருந்து பணமெடுக்க மனைவிக்கோ மூத்த மகனுக்கோ உரிமையில்லை. கூட்டுக் கணக்கையும் வங்கி கட்டுப்படுத்தலாம். லூயிஷாம் ஆஸ்பத்திரியானாலும் வேறெந்த ஆஸ்பத்திரியானாலும், டொக்டர்கள் குடும்பத்தாரைக் கலந்து பேசுவர். முடிவோ நோயாளியின் நலன் கருதி அவர்களுடையது.

இதற்கு வழி, நிலையான அற்றோணித் தத்துவம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2007 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள இது இரு வகைப்படும். ஒன்று சொத்து, பணம் பற்றியது. எழுதியவர் சம்மதித்தால் அவர் நலமாயிருக்கும்போதே பயன்படும். மற்றது உடல்நலம், பராமரிப்புப் பற்றியது. அவர் முடிவெடுக்க இயலாதபோது மட்டுமே பயன்படும்.

2007 அக்டோபருக்கு முன் பழைய முறையில் அற்றோணித் தத்துவம் எழுதிவைத்த முதியோர் நம்மிடையே இருக்கலாம். அது இன்றும் செல்லும். ஆனால் சொத்துக்கு மட்டுமே.

பத்திரத்தை எழுதுபவர் பதினெட்டு வயது நிரம்பியவராய், தெளிந்த நினைவோடு இருக்கவேண்டும். அவர் விளங்கியே, எவருடைய வற்புறுத்தலுமின்றி ஒப்பமிடுகிறார் என்று குடும்பத்தைச் சேராத ஒருவர் உறுதிப்படுத்தவேண்டும். அவர் இரண்டாண்டுகளாவது பழகிய நண்பராகவோ, டொக்டர், சொலிசிற்றர் போன்றவராகவோ இருக்கலாம். ஆங்கிலம் தெரியாத தாயாருக்குத் தமிழில் விளக்குபவர், அதிகாரம் பெறப்போகும் பிள்ளையாக இல்லாதிருத்தல் நன்று. பின்னர் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதியவேண்டும். பதியாத பத்திரம் செல்லாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு. வருமானம் குறைந்தோருக்குச் சலுகையும் உண்டு.

பலரை நியமிப்பின், எல்லாரும் சேர்ந்தே ஒப்பமிடவேண்டுமா, தனித்தனியாகவும் செயற்படலாமா என்பதைத் தெளிவாக எழுதுக. சகோதரர் பிணக்குகள் பல இவ்விடத்திலேயே தொடங்குகின்றன.

நினைவு தவறியபின் இப்பத்திரத்தை எழுத முடியாது. அப்பொழுது குடும்பத்தார் நீதிமன்றத்திடம் விண்ணப்பித்துக் காத்திருக்கவேண்டும், செலவும் அதிகம். யாழ்ப்பாணத்திலுள்ள காணி, வீட்டுக்கு அங்குள்ள சட்டத்தரணியிடம் தனியே ஆலோசனை பெறுக.

இதைப் பேசுவது அபசகுனம் என்று அஞ்சுவோரும், பிள்ளைகள் சொத்தை எடுத்துவிடுவார்களோ என்று தயங்குவோரும் உளர். இப்பத்திரம் சொத்தைக் கைமாற்றுவதில்லை. அதிகாரம் பெற்றவர் எழுதியவரின் நலனுக்காகவே செயற்படக் கடமைப்பட்டவர். நினைவு தெளிவாக உள்ளவரை அதை இரத்துச் செய்யவும் முடியும். மரணத்துடன் அது முடிவடையும். அதன்பின் மரணசாசனமே பேசும்.

ஆகவே பெற்றோரும் பிள்ளைகளும் ஒருநாள் ஆறுதலாக அமர்ந்து இதைப் பேசி முடிப்பது நலம்.