சிப் செய்யும் மெஷினுக்கே சிப் கிடைக்கவில்லை!

உங்கள் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைக்குப் போவீர்கள், வேறொன்று வாங்கி மாட்டுவீர்கள். கம்பெனி வேறாக இருந்தாலும் கவலையில்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிப்களைத் தயாரிக்கும் மெஷின் பழுதானால்? அதற்கு உதிரி பாகம் எந்தக் கடையில் கிடைக்கும்?

சிங்கப்பூரில் ஒரு சிப் தொழிற்சாலையின் மெஷின் பராமரிப்புப் பிரிவில் நான் 12 ஆண்டுகள் வேலை பார்த்தேன். என் வேலையில் பாதி ஸ்பேனர் பிடிப்பது. மீதிப் பாதி, உலகில் யாரும் இப்போது தயாரிக்காத பொருள்களைத் தேடி அலைவது.

சிப்கள் வேஃபர் எனப்படும் வட்டமான சிலிக்கான் தகட்டின் மேல் உருவாக்கப்படுகின்றன. 2000ஆம் ஆண்டு வாக்கில் பெரிய நிறுவனங்கள் 8 இஞ்ச் வேஃபரிலிருந்து 12 இஞ்சுக்கு மாறத் தொடங்கின. உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசர் 12 இஞ்ச் வேஃபரில் பிறந்தது. ஆனால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிப்கள், சென்சார்கள், காருக்குள் இருக்கும் பல சிப்கள் ஆகியவற்றுக்கு 8 இஞ்ச் வேஃபரே போதும். அவற்றைச் செய்யும் மெஷின்களில் பல 1980களின் கடைசியிலும் 1990களிலும் வாங்கியவை. அப்ளைடு மெட்டீரியல்ஸ் நிறுவனம் 1987ல் வெளியிட்ட பிரிசிஷன் 5000 என்ற மெஷின் ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. அதன் உடன்பிறப்புகளோ பின்னரும் பல ஆண்டுகள் தொழிற்சாலைகளில் டியூட்டி பார்த்தன!

சரி, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்கலாமே என்கிறீர்களா? விலையை விட்டுவிடுங்கள். மெஷினை மாற்றினால் அதில் வரும் சிப்பை மீண்டும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். கார் நிறுவனங்களுக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர்களும் சோதித்து ஒப்புக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். ஆகவே ஓடுகிற மெஷினை ஓட விடுவதே எல்லோருக்கும் நிம்மதி.

அணைத்ததுதான் தப்பு

2015 டிசம்பரில் மின் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் ஒரு நாள் முழுவதும் கரண்ட்டை நிறுத்தினார்கள். எங்களுக்கு இது பரீட்சை நாள் மாதிரி. வருடக்கணக்கில் இரவு பகலாக ஓடும் பழைய எலக்ட்ரானிக் பொருளை அணைத்தால், மறுபடி அது எழுந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பவர் சப்ளையில் உள்ள கெபாசிட்டர்கள் உள்ளுக்குள் காய்ந்து போயிருக்கும். சூடாக இருக்கும்வரை சமாளிக்கும், ஆறியதும் கையை விரித்துவிடும். நின்றுபோன பழைய ஹார்ட் டிஸ்க்கும் சில சமயம் மறுபடி சுழலாது.

உங்கள் கம்ப்யூட்டரில் காசு வடிவ பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் தப்பாகக் காட்டும் அல்லவா? இந்த மெஷின்களிலும் அப்படி ஒரு பேட்டரி உண்டு. அதை நம்பி இருக்கும் நினைவகத்தில்தான், வேஃபரைத் தூக்கி வைக்கும் ரோபோ எத்தனை தூரம் நகர வேண்டும் என்ற அளவுகள் இருக்கும். அவை போனால் ரோபோ வேஃபரைச் சுவரில் மோதி உடைக்கும். ஆகவே அந்த எண்களை எல்லாம் முன்கூட்டியே பேப்பரில் எழுதி வைத்தோம். ஹார்ட் டிஸ்க்கையும் நகல் எடுத்து, ஹார்ட் டிஸ்க் போல நடிக்கும் ஒரு சிறு போர்டில் மெமரி கார்டைச் செருகித் தயாராக வைத்திருந்தோம்.

அடுத்த நாள் காலையில் ஒரு மெஷின் மட்டும் எழவில்லை. திருவாரூரிலிருந்து வந்து என்னுடன் வேலை பார்த்த தம்பி, "அண்ணே, பவர் வருது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பாவே நிக்குது" என்றான். கெபாசிட்டர்களை மாற்றினோம், பலனில்லை. பக்கத்தில் இருந்த அதே மாடல் மெஷினின் கட்டுப்பாட்டு போர்டைக் கழற்றி இதில் மாட்டினோம். உடனே ஓடியது! போர்டுதான் போய்விட்டது. இப்போது எங்களிடம் மெஷின் இரண்டு, போர்டு ஒன்று.

மெஷினைத் தயாரித்த நிறுவனத்திடம் கேட்டால், அந்தப் போர்டு நிறுத்தப்பட்டுவிட்டது என்று ஒரு வரியில் பதில். புதிய கட்டுப்பாட்டு அமைப்பு முழுவதையும் மாற்றித் தரலாம், 5 மாதம் ஆகும் என்றார்கள். என் மேலாளர் 10 நாள் கொடுத்தார்.

சிம் லிம் டவரில் கிடைத்த பாடம்

போர்டைச் சோதித்ததில், அதில் மோட்டோரோலாவின் பழைய சிப் ஒன்று செத்திருப்பது தெரிந்தது. லிட்டில் இந்தியாவில் இட்லி சாப்பிட்டுவிட்டு நடக்கும் தூரத்தில் சிம் லிம் டவர் இருக்கிறது. எலக்ட்ரானிக் உதிரி பாகங்களுக்குப் பெயர் போன கட்டடம். அங்கே ஒரு வயதான சீனக் கடைக்காரரை எல்லோரும் அங்கிள் என்றே கூப்பிடுவோம். இழுப்பறை இழுப்பறையாகத் தேடிவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். "வெளியே வாங்கினால் தேதியைப் பார்த்து வாங்கு" என்று மட்டும் சொன்னார்.

நான் அவசரக்காரன். இன்டர்நெட்டில் ஒரு தரகரிடம் 5 சிப் வாங்கிய பிறகுதான் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பல சிப்களின் மேல் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். எனக்கு வந்ததில் 0732 என்று இருந்தது. அதாவது 2007ஆம் ஆண்டின் 32வது வாரம். பக்கத்தில் மோட்டோரோலா முத்திரை. ஆனால் மோட்டோரோலாவின் சிப் பிரிவு 2004லேயே ஃப்ரீஸ்கேல் என்ற தனி நிறுவனமாகிவிட்டது. சந்தேகம் வந்து, பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தேன். (நகப் பாலிஷ் அழிக்கப் பயன்படுமே, அதுதான்.) கறுப்பு மை பஞ்சோடு வந்தது. அடியில், பழைய எழுத்தை உப்புத்தாளில் தேய்த்து அழித்த கோடுகள்! வேறு ஏதோ சிப்புக்குப் புதிய பெயர் சூட்டி விற்றிருக்கிறார்கள். அதை மாட்டி மின்சாரம் கொடுத்திருந்தால் மீதிப் போர்டும் போயிருக்கும்.

நிறுத்தப்பட்ட சிப்களை முறைப்படி விற்கும் நிறுவனங்களும் உண்டு. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் 1981லிருந்து இதையே தொழிலாகச் செய்கிறது. மூல நிறுவனத்தின் அனுமதியோடு மீதமுள்ள சரக்கை வாங்கி வைத்து விற்பார்கள், சிலவற்றை மீண்டும் தயாரித்தும் தருவார்கள். ஆனால் எல்லாச் சிப்பும் எல்லா நேரமும் அமையாது. எனக்கு அமையவில்லை.

கடைசியில் போர்டே கிடைத்தது. ஜப்பானில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் மெஷினைப் பிரித்து விற்றவரிடமிருந்து, 2,800 அமெரிக்க டாலருக்கு. ஓரத்தில் ஜப்பானிய மொழியில் கையால் எழுதிய சிறு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. என்னைப் போல யாரோ ஒருவர் பராமரித்த தேதிகள்.

மாட்டினால் ஓடவில்லை! பார்ட் நம்பர் ஒன்றுதான், ஆனால் கடைசியில் இருக்கும் ரிவிஷன் எழுத்து வேறு. போர்டில் இருந்த ஈப்ராம் சிப்களில் வேறு பதிப்பு புரோகிராம் பதிவாகியிருந்தது. நல்லவேளை, அவை சாக்கெட்டில் செருகப்பட்டவை. எங்கள் பழைய போர்டின் ஈப்ராம்களைக் கழற்றி, அவற்றை நகல் எடுத்துக்கொண்டு, புதிய நகல்களை இதில் செருகினோம். ஜம்பர்களையும் பழைய போர்டைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றினோம். ஒன்பதாம் நாள் மாலை ஸ்கிரீனில் எழுத்து வந்தது. பேப்பரில் எழுதிய எண்களைத் தம்பி படிக்கப் படிக்க நான் டைப் செய்தேன். இரவு 11 மணிக்கு முதல் வேஃபர் உடையாமல் வெளியே வந்தது.

இது எங்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. விண்வெளி ஓடத்தின் பூஸ்டர் ராக்கெட்டைச் சோதிக்கும் கருவிகளுக்காக, 1978ல் வந்த இன்டெல் 8086 சிப்களை நாசா இன்டர்நெட்டில் தேடி வாங்கியதாக 2002ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 2022ல் சிப் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, ஒரு பெரிய நிறுவனம் வாஷிங் மெஷின்களை வாங்கி, உள்ளே இருக்கும் சிப்களைப் பிடுங்கிப் பயன்படுத்துவதாக ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் பீட்டர் வென்னிங்க் சொன்னார். சிப் தயாரிக்கும் மெஷின்களை உலகுக்கு விற்கும் நிறுவனம் அது!

நான் 2019ல் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன். தம்பி அங்கேதான் இருக்கிறான். போன மாதம் போன் செய்தான். போர்டு நன்றாக இருக்கிறதாம், இப்போது பிரச்னை லைட் பேனா. மவுஸுக்குப் பதிலாக ஸ்கிரீனைத் தொட்டு இயக்கும் பேனா அது. பழைய பிக்சர் டியூப் மானிட்டரில்தான் வேலை செய்யும். டியூபின் மீது ஓடும் ஒளிப்புள்ளியைப் பிடித்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று அது கண்டுபிடிக்கும். எல்சிடியில் அந்தப் புள்ளியே கிடையாது. "ஊர்ல யார்கிட்டயாவது பழசு இருக்குமாண்ணே?" என்று கேட்டான். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.