அலமாரியில் மக்கல் வாடை

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடரும். அந்நாள்களில் சமையலறை அலமாரியைத் திறந்தால் மக்கல் வாடை வீசுவதுண்டு. அஃது எங்கிருந்து வருகிறது?

ஈரம் தங்கி, காற்றோட்டம் குறைந்த இடத்தில் பூஞ்சை வளரும். அது வெளிவிடும் ஆவிகளே அவ்வாடை. தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு பழகிவிடும்; ஆதலால் சற்று வெளியே சென்று திரும்பியபின் தேட வேண்டும். அலமாரியைக் காலிசெய்து, ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே முகர வேண்டும். எதிலும் வாடை இல்லையெனில், தட்டில் விரித்த தாளையும் சுவரையொட்டிய பலகையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரமே இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கலங்களுள் கொப்பரை வைத்த கலத்தை முதலில் நோக்குதல் நன்று. முற்றிய தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீரே. அதை 6 விழுக்காடு ஈரம்வரை உலர்த்தாவிடில் பூஞ்சை பிடிக்கும்.

பூஞ்சை பிடித்த கொப்பரையையும் நிலக்கடலையையும் துடைத்து உண்ணலாகாது. 1960-இல் இங்கிலாந்தில் பூஞ்சை நஞ்சு கலந்த நிலக்கடலைத் தீவனத்தை உண்டு 1,00,000-க்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அதன் காரணத்தை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்ட நஞ்சே அஃப்ளடாக்சின். அது கல்லீரலைக் கெடுக்கும். சமைத்தாலும் முற்றும் அழியாது.

எனவே கெட்டதை அகற்றி, அலமாரியைச் சோப்பு நீரால் துடைத்து, நன்கு உலர்த்தி, சுவரிலிருந்து சற்றே விலக்கி வைக்க வேண்டும்.

வினா: வாடையைத் தேடுபவர் இடையே வெளியே சென்று வருவது ஏன்?