உழைப்பும் ஓய்வும்

ஒரு மணியில் ஒரு படி வேலை நடக்குமாயின் பத்து மணியில் பத்துப் படி நடக்கும் என்பது எண் கணக்கு. மனித உடல் அக்கணக்கிற்கு அடங்குவதன்று. இவ்வுண்மையை அளந்து காட்டிய அறிஞருள் ஒருவர் ஜெர்மனி நாட்டினராகிய எர்ன்ஸ்ட் ஆபே.

ஆபே 1840-ஆம் ஆண்டில் ஐசனாக் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் நூற்பாலைத் தொழிலாளி. நாள்தோறும் 14 மணி முதல் 16 மணி வரை நின்றபடியே உழைத்தவர். நண்பகலில் சிறுவன் ஆபே உணவு கொண்டு செல்வதுண்டு. தந்தையார் இயந்திரத்தில் சாய்ந்து நின்றவாறே விரைந்து உண்பார். வெறுங்கலத்தை மகன் கையில் தந்துவிட்டு அப்பொழுதே வேலையில் முனைவார். கட்டுடல் வாய்ந்த அவர் 48 வயதிலேயே முதியவர்போல் தோன்றினாராம். அக்காட்சி மகன் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஆபே கற்றுத் தேர்ந்து யேனா நகரிற் பேராசிரியரானார். கார்ல் சைஸ் என்பவருடைய நுண்ணோக்கித் தொழிற்சாலையிற் பங்காளியும் ஆனார். 1889-இல் ஓர் அறநிலையம் நிறுவி, பின்னர்த் தம் பங்கினை அதற்கே உரிமையாக்கினார். ஊதியத்தோடு கூடிய விடுமுறையும் முதுமைக்கால உதவித்தொகையும் அங்குத் தொழிலாளர்க்கு உரிமைகளாயின.

அத்தொழிற்சாலையில் வேலை நேரம் 9 மணியாக இருந்தது. 1900, ஏப்ரல் முதல் நாள் தொட்டு அதனை 8 மணியாக ஆபே குறைத்தார். குறைத்ததோடு அமையாது, விளைவையும் அளந்தார். செய்த உருப்படிக்கேற்பக் கூலி பெறுவோர் 233 பேருடைய கணக்கை, முந்திய ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 9 மணி வேலை 8 மணியில் முடிய வேண்டுமாயின், மணிதோறும் நூற்றுக்குப் பன்னிரண்டரை வேலை மிகுதல் வேண்டும். மிகுந்ததோ நூற்றுக்கு 16.2! எனவே, ஒரு நாளைய மொத்த வேலையும் சிறிது கூடியதேயன்றிக் குறையவில்லை. தாம் விரைந்து செய்கிறோம் என்பதைத் தொழிலாளர் பலர் உணரவும் இல்லை என்பது வியப்பு.

இதற்குக் காரணம் யாது? அன்றைய களைப்பு அன்றிரவே உணவாலும் உறக்கத்தாலும் தீர்தல் வேண்டும். சிறிது எஞ்சினும் அது வட்டிக் கடன்போல் நாள்தோறும் ஏறி உடலை அழிக்கும். மேலும், வேலையொன்றும் செய்யாவிடினும், இரைச்சலிடையே ஓரிடத்தில் நிற்பதும் குனிந்திருப்பதுமே உடலை வருத்தும். ஒரு மணி நேரம் முன்னரே வீடு செல்வோர்க்கு அவ்வருத்தம் குறைகிறது. ஓய்வும் ஒரு மணி கூடுகிறது. கடைசிப் பாடவேளையில் மாணவர் கண் செருகக் கண்ட ஆசிரியர்க்கு இது புதிய செய்தியன்று!

நேரத்தைக் குறைக்குந்தோறும் விளைவு பெருகிக்கொண்டே செல்லும் என்று இதனாற் கொள்ளற்க. கைவிரைவிற்கும் ஓர் எல்லை உண்டு. அது தொழில்தோறும் வேறுபடும். இயந்திரமே வேகத்தை வரையறுக்கும் தொழிலில் தொழிலாளி தன் விரைவைக் கூட்ட இயலாது. கண்ணும் கையும் ஒன்றி நிற்கவேண்டிய வில்லை தேய்க்கும் தொழிலிலோ ஓய்வின் பயன் தெளிவாகப் புலப்பட்டது.

தம் ஆராய்ச்சியை ஆபே 1901-இல் சொற்பொழிவுகளாக வெளியிட்டார், 1905-இல் மறைந்தார். ஜெர்மனியின் தொழிற்சாலைகளுக்கு எட்டு மணி வேலை அரசாணையாக வந்தது 1918-ஆம் ஆண்டிலேதான்.